ஒரே வேலைக்கு இரண்டு ஓட்டம்: காவலர் உடற்தகுதித் தேர்வை எப்படி வைப்பது?

காரைக்குடியில் நான் பயிற்சி கொடுக்கும் பொட்டலுக்கு, தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு அக்காவும் தம்பியும் வருகிறார்கள். இருவருக்கும் இரண்டாம் நிலைக் காவலர் வேலைதான் கனவு. காலை ஐந்தரைக்கெல்லாம் அவர்கள் அப்பா இருவரையும் டிவிஎஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கிவிட்டு, வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்: "சார், ரெண்டு பேரும் ஒரே வேலைக்குத்தானே போறாங்க? அப்புறம் ஏன் அவனுக்கு ஒரு ஓட்டம், இவளுக்கு ஒரு ஓட்டம்?"

தம்பி 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். அக்காவுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. கணக்குப் போட்டால் தம்பி நூறு மீட்டருக்கு 28 விநாடி என்ற வேகத்தை மூன்றே முக்கால் சுற்றுக்கு விடாமல் பிடிக்க வேண்டும். அக்கா நூறு மீட்டருக்கு 37.5 விநாடி என்ற வேகத்தில் ஒரே ஒரு சுற்று ஓடினால் போதும். தேர்வாகிவிட்டால் இருவருக்கும் ஒரே காக்கி, ஒரே பந்தோபஸ்து.

முப்பது வருடம் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன் நான். அவருக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. இது ஆண் பெண் சண்டை இல்லை. 1500 மீட்டர் ஓடும் திறன் இந்த வேலைக்குக் கட்டாயம் வேண்டும் என்றால் அக்காவுக்கும் வேண்டும். கட்டாயம் இல்லை என்றால், 7 நிமிடம் 4 விநாடியில் முடித்து அழுதுகொண்டே திரும்பி வந்த பையன்களை எதற்காக வீட்டுக்கு அனுப்பினோம்? அந்தக் கேள்வியோடு சில மாதங்களாக அலைந்து, உலகத்தில் யார் யார் எப்படித் தேர்வு வைக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நம் மண்ணுக்கு எது பொருந்தும் என்று எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

முதலில் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் இப்போது ஏட்டாக இருக்கிறார், வயது நாற்பத்தைந்துக்கு மேல். தை மாதம் அவருக்கு எப்படிப் போகிறது என்று கேட்டேன். பழனிக்குப் பாதயாத்திரை போகும் நகரத்தார் காவடிகள் குன்றக்குடி, பிள்ளையார்பட்டி வழியாகச் சிங்கம்புணரி நோக்கிப் போகும்போது, கூட்டத்தோடு சாலையோரம் நடந்தும் நின்றும் இரவைக் கழிக்க வேண்டும். சிராவயல் மஞ்சுவிரட்டில் இன்னும் கடினம். வாடிவாசலில் வரும் மாடு ஒரு பக்கம். பொட்டலில் ஆங்காங்கே அவிழ்த்துவிடும் கட்டுமாடு இன்னொரு பக்கம். எந்தத் திசையிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களைத் தள்ளி நிறுத்த வேண்டும், குத்துப்பட்டவரைத் தூக்கி ஆம்புலன்ஸ் வரைக்கும் கொண்டுபோக வேண்டும். ஆனியில் கண்டதேவித் தேர் ஓடும் நாளில் விடியற்காலையிலிருந்து காலில் நிற்க வேண்டும். கானாடுகாத்தான், கோட்டையூர்ப் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு இரவு ரோந்து. ஒரு வீடே இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் பின்கட்டுமாக இருக்கும். முன்பக்கம் சத்தம் கேட்டால் பின்பக்கம் போய்ச் சேர ஒரு தெருவைச் சுற்றி ஓட வேண்டும். திருச்சி–ராமேஸ்வரம் சாலையில் விபத்து என்றால் நசுங்கிய வண்டிக்குள்ளிருந்து ஆளை இழுக்க வேண்டும். கண்மாயில் விழுந்தவரைக் கரையேற்ற வேண்டும்.

"1500 மீட்டர் ஒரே மூச்சா ஓடினது எப்பம்மா?" என்று கேட்டேன். "ட்ரெய்னிங்ல ஓடுனதுதான் சார்" என்றார். நூறு இருநூறு மீட்டர் திடீரென்று ஓடியதும், ஓடி முடித்த கையோடு ஒருவரை மடக்கிப் பிடித்ததும், பன்னிரண்டு மணி நேரம் நின்றதும்தான் அவர் நினைவில் இருக்கின்றன. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேர்வாகப் பார்க்கலாம்.

இப்போது நம்மிடம் இருப்பது மைதானத் தேர்வு. ஓட்டம் முடித்த ஆண்களுக்குக் கயிறு ஏறுதல் (5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார்; ஸ்டாருக்கு ஏற்ப மதிப்பெண்), நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். இந்த முறையை லேசாகத் தூக்கி எறிய எனக்கு மனமில்லை. ஸ்டாப்வாட்சுக்கு யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. ஒரு எம்.எல்.ஏ. சிபாரிசால் நீளம் தாண்டுதலில் ஒரு சென்டிமீட்டரைக்கூடக் கூட்டித்தர முடியாது. ஏழை வீட்டுப் பையன் கண்மாய்க் கரையிலேயே ஓடிப் பழகிக்கொள்ளலாம், செலவில்லை. ஆயிரக்கணக்கான பேரைச் சில நாட்களில் பார்த்து முடிக்கவும் இதுதான் தோது. வேறு எந்த முறையைக் கொண்டுவந்தாலும் இந்த வெளிப்படைத்தன்மை குறையக்கூடாது.

ஆனால் இந்தத் தேர்வில் நான் உள்ளே இருந்து பார்த்த கோளாறு ஒன்று உண்டு. ஆண்களுக்கு நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டர் தாண்டினால் ஒரு ஸ்டார், 4.50 தாண்டினால் இரண்டு. கிராமத்திலிருந்து புதிதாக வரும் பையன், கால் ஊன்றித் தாண்ட வேண்டிய பலகைக்கு ஓரடி முன்னாலேயே காலை ஊன்றித் தாண்டுவான். அந்த ஓரடி அளவில் சேராது. எண்ணி ஓடிவந்து பலகையில் சரியாகக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்தால், ஒரே மாதத்தில் அவன் தாண்டும் தூரம் கூடிவிடும். அவன் காலில் புதிதாக எந்தப் பலமும் ஏறியிருக்காது, வித்தை மட்டும் ஏறியிருக்கும். கயிறும் அப்படித்தான். பனை ஏறத் தெரிந்த பையன்கூடக் கயிற்றில் பாதியில் தொங்கி நிற்பான். பாதத்தால் கயிற்றைப் பூட்டும் முறை தெரிந்த நகரத்துப் பையன் அவனைத் தாண்டிப் போய்விடுவான். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவனுக்கு ஸ்டார் கிடைக்கிறது. இதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் அந்த வித்தையைச் சொல்லித்தருபவர்களில் நானும் ஒருவன். பணம் வாங்காமல் சொல்லித்தந்தாலும், என் பொட்டலுக்கு வந்து சேர முடியாதவன் தோற்கிறான்.

இன்னொரு கோளாறு நேரம். ஒரு வருடம் என் பையன்கள் இரண்டு பேர் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் தேர்வுக்குப் போனார்கள். ஒருவன் காலை ஏழு மணிக்கு ஓடினான். அடுத்தவன் பெயர் வரும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. அதுவரை வெயிலில் உட்கார்ந்திருந்தான். என் மைதானத்தில் இரண்டாவது பையன்தான் எப்போதும் முன்னால் வருபவன். அன்று அவன்தான் விழுந்தான். இருவரும் ஓடிய தூரம் ஒன்றுதான், ஆனால் அது ஒரே தேர்வு இல்லை.

சரி, தேர்வைக் கடுமையாக்கினால் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்று சொல்பவர்களுக்கு 2024-இல் ஜார்க்கண்டில் நடந்தது போதும். கலால் துறைக் காவலர் தேர்வில் ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும் என்று வைத்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். வேகத்தைப் பார்த்தால் நூறு மீட்டருக்கு 36 விநாடி, நம் 1500 மீட்டரைவிட மெதுவானது. ஆனாலும் புழுக்கத்தில், போதிய பயிற்சி இல்லாத உடம்பில், வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற வெறியோடு பத்து கிலோமீட்டர் ஓடும்போது, நின்றுவிடு என்று உடம்பு சொல்வதைப் பையன் கேட்க மாட்டான். அந்த முகங்களை எனக்குத் தெரியும். என் பொட்டலிலும் அதே முகங்கள்தான். இந்த வழியை இதோடு விட்டுவிடுகிறேன்.

அடுத்தது, வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப அட்டவணை போடும் முறை. அமெரிக்க விமானப்படை மருத்துவர் கென்னத் கூப்பர் 1968-இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓடுகிறாய் என்று அளந்து, உன் வயதுக்கு அது நன்றா சுமாரா என்று அட்டவணையில் பார்ப்பது. உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் அதிகபட்ச அளவு முப்பது வயதுக்குமேல் மெல்லக் குறைகிறது. பெண்களுக்குச் சராசரியாக அது ஆண்களைவிடக் குறைவு, தோள் கை பலத்தில் இடைவெளி இன்னும் பெரிது. எனவே ஐம்பது வயது ஏட்டையாவை இருபது வயது காவலரோடு நிறுத்தாமல் அவர் வயதுக்காரர்களோடு ஒப்பிடுவது நியாயமாகத்தான் தெரிகிறது.

எதற்காக அளக்கிறோம் என்று கேட்டால்தான் சிக்கல் தெரியும். ஏட்டையாவின் இதயம் எப்படி இருக்கிறது என்று அறிய இந்த அட்டவணை அருமையான கருவி. சிராவயலில் குத்துப்பட்டவரை அவரால் தூக்க முடியுமா என்று அட்டவணை சொல்லாது. மாடு வயது பார்த்து முட்டுவதில்லை.

கனடாவில் நடந்த ஒரு வழக்கு என் மண்டையில் நெடுநாள் ஓடிக்கொண்டிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் டானி மெயோரின் என்ற பெண் மூன்று வருடம் காட்டுத்தீ அணைக்கும் குழுவில் வேலை பார்த்தார். வேலையில் ஒரு குறையும் இல்லை. பிறகு புதிய உடற்தகுதித் தேர்வு வந்தது: இரண்டரை கிலோமீட்டரை 11 நிமிடத்தில் ஓட வேண்டும். நான்கு முறை முயன்றும் அவருடைய சிறந்த நேரம் 11 நிமிடம் 49.4 விநாடி. வேலை போயிற்று. 1999-இல் கனடா உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த 11 நிமிடம் இந்த வேலையைப் பத்திரமாகச் செய்யக் கட்டாயம் வேண்டியது என்று அரசால் காட்ட முடியவில்லை என்பதுதான் காரணம். தேர்வு வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நீ வைக்கும் எண்ணுக்கும் வேலைக்கும் என்ன உறவு, அதைக் காட்டு என்றது.

அதே காலத்தில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ரயில் போலீஸ் வேலைக்கு ஒன்றரை மைலை 12 நிமிடத்தில் ஓட வேண்டும் என்ற விதிமேல் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். வேலைக்கு வேண்டிய குறைந்தபட்சத் தகுதியை மட்டுமே தேர்வு கேட்கலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல் சொன்னது. ஆனால் 2002-இல் கடைசியாக அந்த 12 நிமிடத்தையே ஏற்றுக்கொண்டது. ஒரே கேள்வி, இரண்டு நாட்டில் இரண்டு முடிவு. பதில் எண்ணில் இல்லை, அந்த எண்ணுக்கான சான்றில்தான் இருக்கிறது என்பதை இந்த இரண்டு வழக்கையும் சேர்த்துப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

இங்கிலாந்து போலீஸ் வைப்பது பீப் டெஸ்ட். 15 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு. ஒலி வருவதற்குள் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோட்டுக்குப் போக வேண்டும், போகப் போக ஒலி வேகமாக வரும். அவர்கள் கேட்பது 5.4 என்ற நிலை, அதாவது ஐந்தாம் கட்டத்தில் நான்காவது ஓட்டம் வரை. மொத்தம் 525 மீட்டர், சுமார் 3 நிமிடம் 35 விநாடி. ஆணுக்கும் பெண்ணுக்கும், இருபதுக்கும் ஐம்பதுக்கும் அதே அளவு. ஆயுதம் தாங்கும் பிரிவு போன்ற சிறப்புப் பணிகளுக்கு மட்டும் அளவு உயரும். எல்லோருக்கும் ஒரே அளவு, ஆனால் எட்டமுடியாத உயரத்தில் இல்லை என்பது எனக்குப் பிடித்தது. ஓட முடியாதவர்களுக்கு ட்ரெட்மில்லில் நடக்கும் மாற்றுத் தேர்வும் உண்டு. மெதுவாகத் தொடங்குவதால் உடம்பு சூடேற நேரம் கிடைக்கிறது. நிழலான ஒரு மண்டபத்தில், மழைக் காலத்திலும் வைக்கலாம். காரைக்குடியில் கல்யாண மண்டபத்துக்கா பஞ்சம்? குறை என்றால், இது மூச்சை மட்டும்தான் பார்க்கிறது. இழுக்கும் பலம், தூக்கும் பலம் எதுவும் தெரியாது.

அதைப் பார்ப்பது வேலையையே ஒத்திகை பார்க்கும் சுற்று. கனடாவின் ஆர்.சி.எம்.பி. போலீஸ் பல ஆண்டுகள் வைத்திருந்த முறையில், தடைகள் வைத்த பாதையில் ஆறு சுற்று ஓட வேண்டும். படி ஏறி இறங்க வேண்டும், தாண்ட வேண்டும், விழுந்து எழ வேண்டும். பிறகு 32 கிலோ எடையைத் தள்ளியும் இழுத்தும் காட்ட வேண்டும். கடைசியில் 36 கிலோ மூட்டையை 15 மீட்டர் சுமக்க வேண்டும். ஓட்டமும் தள்ளலும் சேர்ந்து, விண்ணப்பிப்பவர்களுக்கு 4 நிமிடம் 45 விநாடி. எல்லோருக்கும் ஒன்றே.

இதைப் படித்த வாரமே பொட்டலில் எங்கள் ஊர்ச் சுற்று ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். தொடக்கத்தில் ஒரு வண்டி எண் எழுதிய அட்டையைக் காட்டுவேன். இருநூறு மீட்டர் ஓட்டம், நடுவில் நான்கு திருப்பம். இடுப்பளவு சுவர் ஒன்றைத் தாண்டி, கோயில் குளத்துப் படியில் மூன்று முறை ஏறி இறங்கி வர வேண்டும். பழுதான டாடா ஏஸ் ஒன்றைப் பத்து மீட்டர் தள்ள வேண்டும். மணல் நிரப்பிய ஐம்பது கிலோ சாக்கைப் பதினைந்து மீட்டர் இழுக்க வேண்டும். முடித்த மூச்சோடு, முதலில் பார்த்த வண்டி எண்ணை போலீஸ் வயர்லெஸ் மைக்கில் சொல்வதுபோல் தெளிவாகச் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வேலையை எனக்குச் சொல்லித்தந்தவர் காலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற எஸ்.ஐ. ஒருவர். "ஓடிப் பிடிக்கிறது பாதி வேலைதான் மாஸ்டர், எங்க நிக்கிறோம்னு மைக்ல சொல்லத் தெரியணும்" என்றார்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். ஓட்டத்தில் தோற்றுக்கொண்டிருந்த கட்டையான பையன்கள் இரண்டு பேர் இதில் முன்னால் வந்தார்கள். நீளம் தாண்டுதலில் டூ ஸ்டார் எடுக்கும் ஒருவன் சாக்கை அசைக்க முடியாமல் நின்றான். பெண்களில் பலருக்கு முதல் நாள் சாக்கு நகரவே இல்லை. ஒரே அளவு என்று வைத்தால் பெண்கள் குறைவாகத்தான் தேறுவார்கள் என்ற பயம் பொய்யில்லை. 1973-இல் தமிழகத்தில் பெண்கள் காவல்துறைக்குள் வந்தார்கள். அவர்களை மறுபடி வாசலில் நிறுத்தும் தேர்வு எனக்கு வேண்டாம். அதனால் சாக்கின் எடையை ஐம்பது கிலோ என்று நான் நினைத்தபடி வைத்தது தவறு. இப்போது வேலையில் நன்றாகச் செயல்படுகிறார்கள் என்று ஸ்டேஷனே ஒப்புக்கொள்ளும் ஆண், பெண் காவலர்களை, இருபத்தைந்து வயதிலிருந்து ஐம்பது வயது வரை, இந்தச் சுற்றில் ஓடவிட வேண்டும். அவர்களில் கடைசியாக வருபவரின் நேரம்தான் கோடு, அவரால் இழுக்க முடிந்த எடைதான் சாக்கு. அந்தக் கோட்டுக்கு மேல் ஒரு விநாடி கேட்டாலும், வேலைக்குத் தேவையில்லாததைக் கேட்கிறோம். செலவும் இடமும் இன்னொரு குறை. சாக்கும் சுவரும் எல்லா ஊரிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டாப்வாட்ச் தந்த நேர்மை போய்விடும்.

உயரம், எடையை வைத்து வடிகட்டுவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கிரீஸில் ஆண் பெண் இருவருக்கும் 1.70 மீட்டர் என்று போலீஸ் பள்ளியில் வைத்த விதி, பெண்களை மறைமுகமாக ஒதுக்குகிறது என்று 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. நாம் பெண்களுக்கு 159 என்று தனியாக வைத்திருக்கிறோம். ஆனால் பொதுப்பிரிவு, பிற்படுத்தப்பட்ட வகுப்பு ஆண்களுக்கு 170 சென்டிமீட்டர் என்ற அளவில் 169 நிற்கும் பையன் ஓடிக் காட்டவே வாய்ப்பில்லாமல் போகிறான். அசாமில் 2023-இல் காவலர்களின் பி.எம்.ஐ. அளந்து, முப்பதுக்கு மேலிருந்தால் விருப்ப ஓய்வு என்ற அறிவிப்பு வந்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண் அது. தசையா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது. மருத்துவரிடம் அனுப்ப அது ஒரு காரணம், வேலையை எடுக்கக் காரணமாகாது.

முடிவு எடு என்று என்னிடம் கொடுத்தால், புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் பீப் டெஸ்ட், அடுத்து வேலைச் சுற்று. இரண்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவு. ஸ்டார் கிடையாது, தேர்ச்சி அல்லது இல்லை, அவ்வளவுதான். கோட்டைத் தாண்டியபின் யார் காவலர் என்பதை எழுத்துத் தேர்வும் மற்றதும் தீர்மானிக்கட்டும். இரண்டு தேதி கொடுக்க வேண்டும். மாதவிலக்கு நாளிலோ காய்ச்சலிலோ வருபவர் அடுத்த தேதியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் யாரையும் ஓடவிடக்கூடாது. சுற்றின் அளவுகளை ஆறு மாதம் முன்பே வெளியிட்டால், எந்தக் கிராமத்துப் பிள்ளையும் ஒரு சாக்கும் மணலும் வைத்துப் பழகலாம். சாக்கு இழுப்பதில் வித்தை குறைவு. இருக்கும் வித்தையும் வேலைக்கு உதவும் வித்தைதான்.

பணியில் இருப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கூப்பர் மாதிரியான வயது அட்டவணை. அந்த முடிவு மருத்துவருக்குப் போகட்டும், மேலதிகாரியின் மேசைக்கு வேண்டாம். முதல் தடவை தேறாதவருக்கு மெமோ கொடுக்காமல், வாரத்தில் மூன்று நாள் வேலை நேரத்திலேயே ஒரு மணி நேரம் பயிற்சிக்கு விட வேண்டும். பேறுகால விடுப்பு முடிந்து வரும் பெண்ணுக்குப் போதிய மாதங்கள் தேர்வே வேண்டாம். மஞ்சுவிரட்டில் முன்வரிசை போன்ற பணிகளுக்கு மட்டும் வேலைச் சுற்றைத் தாண்டியவர்களை அனுப்பலாம். மற்றவர்களுக்கு அந்த ஸ்டேஷனிலேயே செய்ய வேறு வேலை இருக்கிறது. இரவு பகல் தூங்காமல் பந்தோபஸ்து பார்த்துவிட்டு வருபவரை மறுநாள் காலை ஓடச் சொல்வதும் கூடாது. அந்த ஏட்டம்மா முதலில் கேட்டது இதைத்தான்.

அக்காவும் தம்பியும் இப்போதைக்கு இருக்கிற தேர்வுக்குத்தான் தயாராகிறார்கள். 1500, 400, கயிறு, பந்து எல்லாம் உண்டு. பயிற்சி முடிந்ததும் அக்கா மட்டும் கொஞ்ச நேரம் நிற்பாள். முதல் நாள் அசையாத சாக்கை அவள் இப்போது கோடுவரை இழுத்துவிடுகிறாள். குனிந்து கையால் இழுக்காமல், உட்கார்ந்த வாக்கில் காலால் உந்திப் பின்னால் போகக் கற்றுக்கொண்டாள். சாக்கை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று போன வாரம் அவள் அப்பா கேட்டார். மணலைக் கொட்டிவிட்டுச் சாக்கை மட்டும் கொடுத்தனுப்பினேன். மணல் அவர்கள் ஊரிலும் இருக்கிறது.